கைப்பேசியில் பரிசோதனை: கருவி யாருக்கு?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ஆய்வகம் நகரத்தில் இருக்கிறது. நோய் கிராமத்தையும் விட்டுவைப்பதில்லை. இரத்தமும் சளியும் மாவட்டத் தலைநகருக்குச் சென்று முடிவு திரும்புவதற்குள், கூலித் தொழிலாளி வேலை தேடி வேறு மாநிலத்திற்குப் போய்விடுகிறார். தொற்றும் உடன் செல்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்கும் ஆற்றல் கைப்பேசியுடன் இணைந்த விரைவுப் பரிசோதனைக்கு உண்டு.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ருவாண்டாவில் நடத்திய சோதனையின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. கைப்பேசியின் ஹெட்போன் துளையில் பொருத்தப்படும் சிறு கருவி, விரல் நுனி இரத்தத்தைக் கொண்டு எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகிய தொற்றுகளை 15 நிமிடங்களில் கண்டறிந்தது. கருவிக்கான மின்சாரத்தையும் கைப்பேசியே அளித்தது. 30 நிமிடப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் 96 பேரிடம் அதனைப் பயன்படுத்தினர். கருவியின் தயாரிப்புச் செலவு 34 டாலர்; இதற்கு இணையான ஆய்வகக் கருவியின் விலையோ 18,000 டாலருக்கு மேல்.

ஆனால், தயாரிப்புச் செலவு வேறு, சந்தை விலை வேறு. காசநோயைக் கண்டறியும் ஜீன் எக்ஸ்பெர்ட், இந்தியாவில் 'சிபிநாட்' எனப்படுவது, 25 கோடி டாலருக்கும் மேற்பட்ட பொதுப்பணத்தின் துணையோடு உருவானது. இருந்தும் ஏழை நாடுகளுக்கான சலுகை விலையே ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 2012 முதல் 10 டாலரை ஒட்டி நின்றது. 5 டாலராகக் குறைக்கக் கோரிப் பல நாடுகளில் இயக்கம் நடந்த பின்னரே, 2023-இல் 8 டாலருக்குச் சற்றுக் கீழே இறங்கியது.

இந்திய அனுபவமும் கவனத்திற்குரியது. 2020-இல் டில்லியின் அரசு ஆய்வகமொன்றில் விஞ்ஞானிகள் கொரோனாவுக்கான 'பெலூதா' தாள்பட்டைப் பரிசோதனையையும், அதன் கோட்டைப் படித்தறியும் கைப்பேசிச் செயலியையும் உருவாக்கினர். உற்பத்தி உரிமம் டாட்டா குழுமத்திற்குச் சென்றது. 1961-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.எல். போன்ற பொதுத்துறை மருந்து நிறுவனங்களை நலிவடைய விட்ட நாட்டில் இது வியப்பன்று.

இத்தகைய கருவி கிராமத்திற்கு வரும்போது அதனை ஏந்தி வீடு வீடாகச் செல்லப்போகிறவர்கள் ஆஷா ஊழியர்களே. அவர்களை அரசு இன்றும் 'தன்னார்வலர்' என்றே அழைக்கிறது. திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் வழங்க வேண்டுமென 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013-இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இன்னும் கிடப்பில் கிடக்கிறது. கருவி கூடினால் அவர்களின் பணிச்சுமையும் கூடும். ஊதியம் தானாகக் கூடாது.

கைப்பேசியில் பதிவாகும் முடிவு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதும் முக்கியமானது. எச்.ஐ.வி. தொற்று வெளியே தெரிந்தால் வேலையும் வாடகை வீடும் பறிபோகும் சமூகம் இது. இரகசியம் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. செயலிகளும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை: பொதுப்பணத்தில் பிறந்த பரிசோதனைகள் பொதுத்துறையில் தயாரிக்கப்பட வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், நோய் உறுதியான அன்றே மருந்து தொடங்கப்பட வேண்டும், ஆஷா ஊழியர்கள் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும். இவற்றை ஒவ்வொரு கிளையும் தன் பகுதிச் சுகாதார நிலையத்தின் வாசலிலிருந்தே எழுப்ப வேண்டும்.