கமிஷனும் மனசாட்சியும்

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம்மில் பலருக்குக் கல்பாத்தியிலோ நூரணியிலோ பூர்வீக கிரஹத்தில் ஒரு பங்கு இருக்கிறது. நாமோ மும்பையிலும் டெல்லியிலும் இருக்கிறோம். விற்கும் சமயம் வந்தால் புரோக்கரைத்தான் நம்ப வேண்டும். ஆகவே, புரோக்கர் ஆபீஸ்களை நடத்துகிற முறை பற்றி இரண்டு அனுபவங்களைச் சொல்கிறேன்.

குமுளிப் பக்கம் என் மைத்துனர் லாட்ஜ் கட்ட நிலம் வாங்கினார். இடுக்கியில் 1964-ஆம் வருஷத்து விதிகளின்படி கொடுத்த பட்டயங்கள் ஏராளம். அவை விவசாயத்துக்கும் குடியிருக்கவும் கொடுத்தவை. லாட்ஜுக்கு அல்ல. இந்தச் சிக்கலுக்காகவே 2023-இல் சட்டசபை திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நிலத்தைக் காட்டிய பையனுக்கு இது தெரியும், ஆனால் சொல்லவில்லை. பிற்பாடு கேட்டபோது, "எனக்குச் சம்பளம் கிடையாது சார். ரிஜிஸ்டர் ஆனால்தான் காசு. முதலாளி வாயைத் திறக்காதே என்றார்" என்றான்.

நான் பௌதிகம் படித்தவன். பாத்திரத்தை இறுக மூடி அடியில் தீ மூட்டிவிட்டு, மூடி ஏன் எகிறியது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது என் சொந்தக் கதை. அப்பா உயில் எழுதாமல் காலமானார். பாலக்காட்டு வீட்டை விற்க ஒரு சிறிய ஆபீஸை அணுகினேன். வாங்குபவர் அட்வான்ஸுடன் வந்து உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் வேலை பார்த்த பெண் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, "சார், காலமான உங்கள் அக்காவின் குழந்தைகள் கையெழுத்து எங்கே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். 1956 வாரிசுச் சட்டப்படி அக்காவுக்கும் சம பங்கு உண்டு. 'கல்யாணத்தில்தான் எல்லாம் செய்தாயிற்றே' என்று நான் சும்மா இருந்துவிட்டேன். வந்தவர் எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவள் முதலாளியிடம் புகார் செய்தேன்.

அவர், "கேட்கச் சொன்னதே நான்தான் சார். வியாபாரம் போனாலும் அவள் சம்பளம் போகாது" என்றார்.

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், ஏஜெண்டுகள் பதிவு செய்ய வேண்டும், பொய்த் தகவல் தரக் கூடாது என்கிறது. ஆனால் அது புதிய திட்டங்களில் விற்கும் ஃப்ளாட்டுகளுக்கும் மனைகளுக்கும்தான். பழைய அக்ரஹார வீடு கைமாறும்போது அந்தப் பதிவு கட்டாயமில்லை. அங்கே நமக்குக் காவல் ஆபீஸ் தலைவரின் குணம்தான்.

ஆகவே, கமிஷன் எத்தனை பர்சண்ட் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஊழியர்களுக்கு நிலையான சம்பளம் உண்டா? விளம்பரம் கொடுக்குமுன் முன் ஆதாரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது கேட்கிறார்களா? உண்மையைச் சொல்லி வியாபாரம் முறிந்தால், சொன்னவரை முதலாளி என்ன செய்கிறார்? இவற்றையும் விசாரியுங்கள்.

எட்டு மாதம் கழித்து, அக்கா குழந்தைகளுக்கு உரிய பங்கைக் கொடுத்து, அதே ஆபீஸ் மூலமாகவே வீட்டை விற்றேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா குழந்தைகள் இன்றும் என் வீட்டுக்கு வந்து போகிறார்கள்.