ஜேக்கப்பின் பிழையும் ஒரு விண்மீனின் நான்கு கோள்களும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்வியின் மேன்மையைப் பற்றி நாம் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். முன்னே பேசியவர்கள் அதனைக் குறைவின்றிப் பேசிவிட்டார்கள். ஆகவே, ஒரு விண்மீனையும் அதைச் சுற்றும் கோள்களையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். அந்தக் கதை நம் சென்னையில் தொடங்குகிறது.

நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வுக் கூடம் எழுப்பினர். அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. 1848 முதல் அக்கூடத்தின் பொறுப்பில் இருந்தவர் கேப்டன் ஜேக்கப். 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனை அவர் ஆராய்ந்தார். அவ்விரண்டும் ஏறத்தாழ 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருபவை. கணக்கிட்ட பாதைக்கும் கண்ட இடத்துக்கும் பொருத்தம் வரவில்லை. கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அவற்றை இழுக்கக்கூடும் என்று 1855இல் எழுதினார். இலண்டன் வானியல் கழகம் அதனை வெளியிட்டது. நம் சூரியனுக்கு அப்பாலும் கோள் உண்டு என்று அளவைக் காட்டிச் சொன்ன மிகப் பழைய கூற்றுகளுள் அது ஒன்று.

அது பிழை. அங்கே சொல்லப்பட்ட கோள் தன் பாதையில் நிலைத்திருக்கவே இயலாது என்று 1899இல் மோல்ட்டன் என்ற அமெரிக்கர் கணக்கிட்டுக் காட்டினார். சென்னையின் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் பெயர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

அதே விண்மீன் கூட்டத்தில் இன்னொரு விண்மீன் உண்டு. 1916இல் அதன் வேகத்தைக் கண்டுபிடித்த பர்னார்டின் பெயரால் அது வழங்குகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிறிய செந்நிற விண்மீன். தொலைவு 6 ஒளியாண்டு. ஒளி ஓராண்டில் செல்லும் தூரம் ஏறக்குறைய 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர் என்றால், ஆறு மடங்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆயினும், ஆல்பா சென்டாரியின் மூன்று விண்மீன்களை விட்டால் சூரியனுக்கு மிக அருகில் உள்ளது இதுவே.

இதற்கும் கோள் உண்டென்று 1963இல் வான் டி காம்ப் அறிவித்தார். பல்லாண்டுகள் எடுத்த புகைப்படங்களே அவருடைய சான்று. 1973இல் அதுவும் வீழ்ந்தது. தொலைநோக்கியின் வில்லையைச் சீர்செய்தபோது நேர்ந்த மாற்றத்தை விண்மீனின் அசைவு என்று கருதிவிட்டார். 2018இல் வேறொரு கோளைச் சொன்னார்கள். 2021இல் அதுவும் மறுக்கப்பட்டது. பிறகு 2024இல் சிலி நாட்டுத் தொலைநோக்கியால் ஒரு கோளும், 2025இல் ஹவாய்த் தொலைநோக்கியின் துணையுடன் மொத்தம் நான்கு கோள்களும் உறுதியாயின. ஒவ்வொன்றின் நிறையும் பூமியின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. அவற்றுக்கு ஓராண்டு என்பது நம் ஏழு நாள்களுக்கும் குறைவு. விண்மீனை அவ்வளவு நெருங்கிச் சுற்றுவதால் அங்கே வெப்பம் மிகுதி. குடியேறலாம் என்று யாரும் மூட்டை கட்ட வேண்டாம்.

காணாத கோளை எப்படிக் கண்டார்கள்? நம் தெருவில் பெரியவர் ஒருவர் குழந்தையின் கைகளைப் பற்றித் தட்டாமாலை சுற்றும்போது, அவர் கால்களும் சிறு வட்டம் போடுகின்றன அல்லவா? குழந்தையை மறைத்துவிட்டாலும் பெரியவரின் அசைவு காட்டிக்கொடுத்துவிடும். விண்மீன் நம்மை நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் ஒளியில் நுட்பமான மாறுதல் நேர்கிறது. கரும்பு லாரி நம்மைக் கடந்து போகையில் ஊதலின் ஒலி மாறுவதைப் போல. பர்னார்டு விண்மீனின் அசைவு, ஒரு கோளினால், வினாடிக்கு அரை மீட்டர் அளவுகூட இல்லை. முதியவர் ஒருவரின் மெல்லிய நடையைவிடக் குறைவு. அதனை ஆறு ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அளந்திருக்கிறார்கள்!

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? ஐந்தாம் வகுப்பில் ஒரு பின்னக் கணக்கைக் கரும்பலகையில் நாம் தவறாகப் போட்டபோது, "உங்கள் தெருவுக்கு இதெல்லாம் எட்டாது" என்று சொன்னவர் ஒருவர் இருந்தார். ஜேக்கப் பிழை செய்தார். அது ஜேக்கப்பின் பிழையாகவே இருந்தது. அவர் பிறந்த தெருவின் மேல் அதை யாரும் ஏற்றவில்லை. வான் டி காம்ப் பத்தாண்டு உலகையே நம்ப வைத்துப் பின் தவறினார். ஆயினும் அவர் பெயர் வானியலார் நடுவே மதிப்போடு வழங்குகிறது. நம் பிள்ளை ஒரு கணக்கில் தவறினால் மட்டும் குலத்தையே பலகையில் எழுதுகிறார்கள். பிள்ளையும் அதை நம்பி எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறது. முப்பதாண்டுப் பணியில் இப்படிக் கீழே வைக்கப்பட்ட எழுதுகோல்களை நாம் நிறையக் கண்டோம். அறிவுக் குறைவால் நின்றவர் சிலர்; தவறிவிடுவோமோ என்ற அச்சத்தால் நின்றவர் மிகப் பலர். பெற்றோரே, பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கை அழிக்க விடாதீர்கள். பக்கத்திலேயே மறுபடியும் போடச் சொல்லுங்கள்.

ஆடி மாதத்து இரவில் ஒன்பது மணியளவில், கேட்டைக்கு வடகிழக்கே, உச்சிக்குச் சற்றுத் தெற்கே பாருங்கள். மங்கலாகத் தெரியும் 70 ஒபியூக்கிக்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. ஆலை விளக்கும் தெரு விளக்கும் இல்லாத வயல் வரப்பு போதும். வர விரும்பும் மாணவர்கள் பெயரைக் கொடுங்கள். நாமே அழைத்துச் சென்று காட்டுகிறோம்.