ரௌட்டருக்குள் ஒரு காவல்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2014-ல் ஜீவன் பிரமாண் வந்தபின் நம்மில் பலர் பென்ஷனுக்கான ஆயுள் சான்றிதழை இன்டர்நெட்டில் அனுப்புகிறோம். அந்த வழியை யாராவது வேண்டுமென்றே அடைத்தால்? 2000 பிப்ரவரியில் யாஹூ, ஈபே, அமேசான் எல்லாம் அப்படித்தான் திணறின. பூட்டை யாரும் உடைக்கவில்லை. வீண் பாக்கெட்டுகளை வெள்ளமாக அனுப்பி வாசலை அடைத்தார்கள்.

பாக்கெட்டுகளுக்கு வழிகாட்டுவது ரௌட்டர். கடையில் வாங்கும் ரௌட்டருக்குள் நாம் கைவைப்பது கடினம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்டி கோலரும் சகாக்களும் 1999-ல் வெளியிட்ட 'கிளிக்' வேறு ரகம், சாதாரண பி.சி.யில் ஓடும் சாப்ட்வேர். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு சின்ன வேலை. ஒன்று முகவரி பார்க்கும். ஒன்று வரிசையில் நிறுத்தும். அவர்கள் கட்டிய ஐ.பி. ரௌட்டரில் பாக்கெட் கடக்கும் பகுதிகள் 16. இடையே இன்னொன்றைச் செருகினால் மற்றவற்றைத் திருத்த வேண்டியதில்லை.

2001-ல் தோமர் கில், மாசிமிலியானோ பொலெட்டோ இருவரும் செருகியது 'மல்டாப்ஸ்' என்ற கணக்குப்பிள்ளை. ஆபீசில் இன்வர்ட், அவுட்வர்ட் ரிஜிஸ்டர் வைத்திருந்தோமே, அதேதான். சாதாரணப் போக்குவரத்தில் வரவும் பதிலும் ஏறக்குறைய ஒரு விகிதத்தில் இருக்கும். ஆயிரம் வந்து பத்துக்கூடப் போகவில்லையென்றால் சந்தேகம். கடிதத்தைப் பிரித்துப் படிக்கவே வேண்டாம்! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சுமார் 429 கோடி முகவரிகளுக்கும் தனித்தனிப் பக்கம் போட்டால் மெமரி தாங்காது. ஆகவே முதலில் பேட்டைவாரியாக மொத்தக் கணக்கு. போக்குவரத்து மிகுந்த பேட்டைக்கு மட்டும் தெரு, வீடு என்று கிளை விரியும். ஓய்ந்ததும் சுருங்கிவிடும்.

சங்கடமும் உண்டு. அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடலாம். அப்போது நிரபராதி தடுக்கப்படுவார். பெறுநரை வைத்துத் தடுத்தால், வெள்ளத்தோடு நம் சான்றிதழும் குப்பைக்குப் போகும். வரவு ஒரு வழி, பதில் வேறு வழி என்றால் கணக்கே பொய்த்துவிடும். ஆகவே அடியோடு நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்து, மனிதர் ஒருவர் பார்த்து முடிவெடுப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

வெள்ளம் கிளம்பும் இடத்திலேயே இதை வைப்பது இன்னும் நல்லது. ஆனால் அங்கே செலவு ஒருவருக்கு, லாபம் எங்கோ இருக்கும் இன்னொருவருக்கு, யார் முன்வருவார்கள்?