தேங்காய் எண்ணெய் போல உறையும் சரக்கு



மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெள்ளையாக உறைந்து நிற்கும். அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும். குளிர்காலத்தில் மஞ்சள் கடலைக் கடக்கும் சில கப்பல்களுக்கும் இதே பாடுதான். தென் கொரியாவின் தேசானிலோ உல்சானிலோ யோசுவிலோ ஏற்றிய சரக்கு, சீனக் கரையில் இறங்கும்வரை சூடு குறையாமல் இருக்க வேண்டும். அதற்காகவே தொட்டிகளுக்குள் சூடேற்றும் குழாய்கள் ஓடுகின்றன. 13 டிகிரி செல்சியஸை ஒட்டி வெப்பம் இறங்கினால் சரக்கு கட்டி தட்டிவிடும். அப்புறம் எந்தப் பம்பும் அதை இழுக்காது.

சரக்கின் பெயர் பாராசைலீன். வியாபாரிகள் வாயில் அது வெறும் 'பி.எக்ஸ்.'. பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதை உடுத்தியிருப்பார்கள்.

கும்மி கொட்டும் பெண்களைப் போல ஆறு கார்பன் அணுக்கள் வட்டம் கட்டி நின்றால் அது பென்சீன். வட்டத்தின் வெளியே ஒரு மெத்தில் தொகுதி ஒட்டினால் டொலுயீன், இரண்டு ஒட்டினால் சைலீன். பெட்ரோலில் கலந்திருப்பதும், பெயின்ட் கடையில் மூக்கைத் துளைப்பதும் இந்தக் குடும்பம்தான். உலகச் சுங்க அலுவலகங்கள் வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாவற்றுக்கும் 2902 என்று ஒரே தலைப்பு எண் வைத்திருக்கின்றன. அந்த எண்ணின் கீழ் கடல் கடக்கும் சரக்கில் மிகப் பெரிய புள்ளிகளில் ஒன்று பி.எக்ஸ்.

சைலீன் மூன்று வகை. இரண்டு மெத்தில்களும் வட்டத்தில் நேர் எதிரெதிராக நின்றால் அது பாரா. கேட்க எளிது, பிரிக்கத்தான் பெரும்பாடு. பாரா 138 டிகிரியில் கொதிக்கும், அதன் உடன்பிறப்பான மெட்டா 139 டிகிரியில். ஒரு டிகிரி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு காய்ச்சி வடிப்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் மெட்டா உறைய வேண்டுமானால் சுழியத்துக்குக் கீழே 48 டிகிரி வரை போக வேண்டும். பாராவுக்கு 13 போதும். கப்பல்காரருக்குத் தலைவலியான அந்தக் குணமே ஆலைக்காரருக்கு வழிவிட்டது: குளிர வைத்துப் பாராவை மட்டும் படிகமாக அள்ளினார்கள். பிறகு பாராவை மட்டும் பிடித்து வைக்கும் சல்லடைக் கற்களைக் கொண்டு பிரிக்கும் முறையும் வந்தது.

இவ்வளவு மெனக்கெடுவது துணிக்காக. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் பாலியஸ்டர் இழைக்குக் காப்புரிமை கேட்டார்கள். இருவரும் வேலை பார்த்தது பருத்தித் துணியில் அச்சுப் பதிக்கும் ஆலைகளின் சங்கத்தில் என்பது வேடிக்கை. அந்த இழைதான் டெரிலீன் ஆனது. பருத்தியோடு சேர்ந்து நம் ஊரில் டெரிகாட்டன் ஆனது. கல்யாணத்துக்கு டெரிகாட்டன் சட்டை தைத்துக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பி.எக்ஸை ஆக்சிஜனேற்றினால் டெரெப்தாலிக் அமிலம். அதோடு கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் பாலியஸ்டர். ஒரு கிலோ பாலியஸ்டருக்கு அரைக் கிலோவுக்கும் சற்று மேல் பி.எக்ஸ். வேண்டும். தண்ணீர் பாட்டிலும் இதே பொருள்தான். இன்று உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர். அதைப் பெருமளவில் செய்வது சீனா.

அப்படியானால் மூலப்பொருளையும் சீனாவே செய்துகொள்ளலாமே? எண்ணெய்க் கிணறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத தென் கொரியா, கச்சா எண்ணெயை விலைக்கு வாங்கிச் சுத்திகரித்து, வளையத்தைப் பிரித்தெடுத்து, ஓரிரு நாள் பயணத் தூரத்தில் இருக்கும் சீனாவுக்கு ஆண்டுக்கணக்கில் விற்றது எப்படி? முதலீடு, தொழில்நுட்பம் என்று காரணங்கள் பல உண்டு. தெருவில் இறங்கி நடந்த மக்களும் அவற்றில் ஒன்று.

தென்கிழக்குச் சீனாவின் கடற்கரை நகரம் ஸியாமென். அதன் ஹாய்சாங் பகுதியில் பி.எக்ஸ். ஆலை வருவதாக இருந்தது. 2007 மார்ச்சில் வேதியியலாளர் சாவ் யூஃபென் தலைமையில், அரசுக்கு யோசனை சொல்லும் அமைப்பான அரசியல் ஆலோசனை மாநாட்டின் உறுப்பினர்கள் 105 பேர் அதை இடம் மாற்றச் சொன்னார்கள். செய்தி கைபேசிக் குறுஞ்செய்திகளாகப் பறந்தது. ஜூன் 1 அன்று ஆயிரக்கணக்கானோர் நகர வீதிகளில் நடந்தார்கள். ஊர்வலம் என்றால் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'காலாற நடப்பது'. ஆலை பக்கத்து சாங்சோவ் மாவட்டத்தின் குலெய் தீபகற்பத்துக்குப் போனது. அடுத்து 2011இல் டாலியன், 2012இல் நிங்போ, 2013இல் குன்மிங், 2014இல் மாவோமிங் என்று ஊருக்கு ஊர் எதிர்ப்பு கிளம்பியது.

மாவோமிங் கலவரத்தின்போது நடந்த ஒரு சண்டை தனி ரகம். பைடு இணையக் கலைக்களஞ்சியத்தில் பி.எக்ஸ். 'குறைந்த நச்சுத்தன்மை' உடையது என்று இருந்ததை யாரோ 'கடும் நச்சு' என்று மாற்றினார்கள். சிங்குவா பல்கலைக்கழக மாணவர்கள் திருத்தினார்கள். மறுபடி மாற்றினார்கள், மறுபடி திருத்தினார்கள். நாள்கணக்கில் முறைவைத்துக் காவல் காத்தார்கள் மாணவர்கள்.

வேதியியலில் மாணவர்கள் சொன்னதே சரி. புற்றுநோய் உண்டாக்குவதென்று உறுதியானது பென்சீன். சைலீன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மக்களின் பயத்தை அறியாமை என்று தள்ளுவது நியாயமல்ல. ஸியாமெனிலிருந்து குலெய்க்குப் போன அந்த ஆலை 2013 ஜூலையில் வெடித்தது. 2015 ஏப்ரலில் மறுபடியும் வெடித்தது. சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பொருள் விஷமா இல்லையா என்பது ஒரு கேள்வி. ஆலையை நடத்துகிறவரை நம்பலாமா என்பது வேறு கேள்வி. மக்கள் கேட்டது இரண்டாவதைத்தான்.

இந்த இழுபறிக்கு நடுவே தறிகள் நிற்கவில்லை. 2018இல் சீனா இறக்குமதி செய்த பி.எக்ஸ். ஒன்றரைக் கோடி டன்னைத் தாண்டியது. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் அது பொற்காலம்.

அதை முடித்து வைத்தவர்கள் நெசவாலைக்காரர்கள். சூசோவ் பக்கம் துணி நெய்து தொடங்கிய ஹெங்லி நிறுவனம் முதலில் நூலுக்குப் போனது, பிறகு அமிலத்துக்கு, கடைசியில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பதற்கே போய்விட்டது. சட்டைக்காரர் பஞ்சுக்காக நிலம் வாங்கிய கதை! டாலியனை ஒட்டிய சாங்சிங் தீவில் 2019இல் அதன் ஆலை ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 45 லட்சம் டன் பி.எக்ஸ். எடுக்கும் திறன் கொண்டது. நிங்போவுக்கு அப்பால் சோவ்ஷான் தீவுக்கூட்டத்தில் ஜெஜியாங் பெட்ரோகெமிக்கல் அதைவிடவும் பெரிதாக எழுந்தது. டாலியன், நிங்போ என்ற பெயர்கள் சற்று முன் எதிர்ப்புக் கதையில் வந்தவைதாம். இந்த முறை ஆலைகள் நகரத்தை விட்டு விலகித் தீவுகளில் உட்கார்ந்தன. 2023இல் சீனாவின் இறக்குமதி ஒரு கோடி டன்னுக்கும் கீழே வந்துவிட்டது.

இந்தச் சரிவின் நடுவே கொரியருக்கு எதிர்பாராத ஒரு வாடிக்கையாளர் வாய்த்தார். 2022 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை சராசரியாக காலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. டொலுயீனும் சைலீனும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்துபவை. துணியாக வேண்டிய வளையங்கள் பசிபிக்கைத் தாண்டி, கார்களில் எரியப் போயின. ஆசியாவில் விலை எகிறியது.

சீனாவின் செங்சோவ் நகரம் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. அங்குள்ள முன்பேரச் சந்தை கோதுமைக்கும் பருத்திக்கும் பேர்போனது. 2023 செப்டம்பர் 15 முதல் பி.எக்ஸும் அங்கே விலை பேசப்படுகிறது, பருத்தி விலை ஓடும் அதே பலகையில்.