பிறந்த ஊருக்குப் புதிதாய் வருவோர்

(சாம்பல்தீவில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவுக்கு எங்களிற் பலர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் வந்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்குத் திருகோணமலை முற்றிலும் புதிய ஊர். நிலாவெளிக் கடலில் குளித்ததோடு அவர்களைத் திருப்பி அழைத்துச் சென்றுவிடாமல், ஒரு காலைப்பொழுது கோட்டைக்குள் நடக்க வைப்போம்.

போர்க்காலத்தில் படித்த எங்களுக்குக் கோட்டை என்றால் சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போய், கோணேசரைக் கும்பிட்டுத் திரும்பினோம். நின்று பார்க்க எவரும் துணியவில்லை. இன்றும் அங்கே இராணுவம் இருக்கிறது. ஆனாலும் ஆறுதலாக நடக்கலாம்.

வாசலிலேயே தொடங்குவோம். இணைக்கயல் செதுக்கிய கல் அங்கே உண்டு. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கீசர், அதன் கற்களையும் கொண்டு 1624இல் கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். உள்ளே புள்ளிமான்கள் மேயும். வெலிங்டன் பிரபு தங்கியதாகச் சொல்லப்படும் வீடும் இருக்கிறது. மேலே கோயில், இராவணன் வெட்டு. 1956இல் இலங்கையில் குடியேறிய ஆதர் சி. கிளார்க்கும் நண்பர் மைக் வில்சனும் அந்தப் பாறையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். புதிதாய் வந்தவர்களின் கண்ணுக்கும் மதிப்புண்டு.

திரும்பும் வழியில் பழைய ஆங்கிலேயர் மயானம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ் அங்கே உறங்குகிறார். கடற்படைத் தளபதியான அவரை 1852இல் பர்மாவில் வாந்திபேதி கொன்றது. இன்று ஜீவனிக் கரைசலும் சேலைனும் காப்பாற்றிவிடும் நோய் அது. வைத்தியத்தின் வரலாற்றையும் பிள்ளைகள் அந்தக் கல்லருகே கேட்கட்டும்.

வந்துபோனவர்களுக்குக் கல்லும் புத்தகமும் இருக்கின்றன. எங்களவர்க்கு? 2004 ஆழிப்பேரலை சல்லி, சாம்பல்தீவுக் கரைகளில் கொண்டுபோன உயிர்களை, போரில் காணாமற்போனவர்களை, எந்த வழிகாட்டி நூலும் சொல்லாது. அந்த வீதிகளில் கூட நடந்து, பெயர் சொல்லி, நாங்கள்தான் சொல்லவேண்டும். எங்களுக்கும் வயது ஏறுகிறது; இன்னொரு விடுமுறைக்கு ஒத்திவைக்க வேண்டாம்.

வெயில் ஏறமுன் புறப்படுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்கவேண்டாம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளையும் உங்கள் பதில்களையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த மலருக்கு அதைவிட நல்ல கட்டுரை கிடைக்காது.