புரட்டிய மண்ணுக்கு மீண்டும் உயிர்

(ஆரணியில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பட்டு நெசவு ஊரில் சுரங்கத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். மண்வளம் பற்றிய பாடத்தை விளக்க நெய்வேலியைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் மாநிலத்தில் இல்லை என்பது என் கருத்து.

1956இல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. கரி ஆழத்தில் இருக்கிறது. ஒரு டன் எடுக்கப் பல டன் மண்ணையும் மணற்பாறையையும் அகற்றிக் கொட்ட வேண்டும். அப்போது அடுக்கு மாறுகிறது. மேல்மண் புதைந்து அடிமண் மேலே வருகிறது. அதில் மக்கு இல்லை, தழைச்சத்து மிகக் குறைவு, நுண்ணுயிர்களும் அரிது. மழையில் அரிக்கும், வெயிலில் இறுகும்.

இதைச் சீர்படுத்த அந்நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இணைந்து ஆய்வு செய்தன. நிலத்தைச் சமன்படுத்துவது, தொழுவுரம் இடுவது, பசுந்தாள் உரப்பயிர் வளர்த்து மடக்கி உழுவது, உயிர் உரங்கள் சேர்ப்பது என்று வேலை படிப்படியாக நடக்கிறது. பழுப்பு நிலக்கரியிலிருந்தே பிரித்தெடுக்கும் ஹியூமிக் அமிலமும் இடுபொருளாகிறது.

தக்கைப்பூண்டு, சணப்பு ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. வேர்ப்பூஞ்சை, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. பாவு சரியில்லாமல் ஊடை ஓட்டினால் சேலை தேறாது என்பது தறி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மண்ணில் இந்த உயிர்கள்தாம் பாவு, மரம் பிறகுதான்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். மூன்று தொட்டிகள் போதும். ஒன்றில் வயலின் மேல்மண், இரண்டாவதில் கடைக்கால் குழியின் அடிமண், மூன்றாவதில் அதே அடிமண்ணுடன் மக்கிய தொழுவுரம். ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு விதையுங்கள். முதல் வாரம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். விதையிலுள்ள உணவே செடியைக் காப்பாற்றுகிறது. அவசரப்பட்டு முடிவு எழுத விடாதீர்கள். முப்பதாம் நாள் உயரத்தை அளந்து, செடியைப் பிடுங்கி வேர் முடிச்சுகளை எண்ணச் சொல்லுங்கள்.

நட்ட மரம் பச்சையாக நிற்பதால் மட்டும் நிலம் மீண்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திய பிறகும் உதிர்ந்த இலை மக்குகிறதா, மண்புழு வருகிறதா, விதை தானாக முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். செங்கல் சூளைக்கு மேல்மண் வெட்டப்பட்ட வயல் உங்கள் பள்ளிக்கு அருகில் இருந்தால், மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நெய்வேலி கற்றுத்தரும் பாடத்தை அவர்கள் அங்கேயே படித்துக்கொள்வார்கள்.