இருத்தல் எனும் காவல்



பிரிதலையும் இருத்தலையும் உரிப்பொருள்களாக வகுத்துக் கண்டது தமிழ் அகமரபு. உடலைக் காக்கும் வெள்ளணுக்களின் வாழ்விலும் இவ்விரண்டும் உண்டு.

நிணநீர் அணுக்கள் குருதியிலிருந்து நிணநீருக்கும், அங்கிருந்து மீண்டும் குருதிக்கும் சுற்றிவருவதை ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜேம்ஸ் கோவன்ஸ் 1959-இல் காட்டினார். ஓயாத வழிப்போக்கர்களாகவே அவை நெடுங்காலம் கருதப்பட்டன. அவற்றுள் நிலைகுடிகளும் உள என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எலிகளின் தோலில் ஹெர்ப்பிஸ் வைரஸ் தாக்கிய இடத்திலேயே டி-செல்கள் சில தங்கி, மறுதாக்குதலை எதிர்ப்பதை மெல்பேர்ன் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டனர்.

தங்குதல் எளிதன்று. விரைந்தோடும் குருதியில் வரும் செல்லைக் குழாய்ச் சுவரின் செலக்டின் புரதங்கள் தொட்டுத் தொட்டு உருளச் செய்கின்றன. பின்னர்ச் செல்லின் இன்டெக்ரின்கள் சுவரை இறுகப் பற்ற, அது நின்று, சுவரைக் கடந்து திசுவினுள் நுழைகிறது. தோலிலும் குடலிலும் உள்ள புறப்படலச் செல்களின் ஈ-கேட்ஹெரினைச் சிடி-103 என்னும் இன்டெக்ரின் பற்றிக்கொள்கிறது. வெளியேறுமாறு அழைக்கும் கொழுப்புப் பொருளை உணரும் ஏற்பியைச் சிடி-69 செல்லின் மேற்பரப்பிலிருந்து அகற்றிவிடுகிறது. பற்றுவது ஒன்று, அழைப்புக்குச் செவிசாயாமை மற்றொன்று. இரண்டும் கூடியதே இருத்தல்.

ஆயினும் காவல் பகையாவதும் உண்டு. சொரியாசிஸ் ஆறிய பின்னும் அதே இடத்தில் மீள்வதற்கு, அங்குத் தங்கிய செல்களும் காரணமாகின்றன. எனவே பற்றையே அறுக்க மருத்துவம் முனைந்தது. மூளைக்கும் குடலுக்கும் செல்லும் வெள்ளணுக்களின் இன்டெக்ரினைத் தடுக்கும் நடாலிசுமாப் என்ற மருந்து, நரம்புறை சிதையும் நோய்க்கென 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூளையில் காவல் குன்றவே, பலர் உடலில் உறங்கிக் கிடக்கும் ஜேசி வைரஸ் சிலரிடம் விழித்தெழுந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. 2005-இல் விற்பனை நிறுத்தப்பட்ட மருந்து, 2006-இல் கடுங்கட்டுப்பாடுகளுடன் மீண்டது. குடலுக்குச் செல்லும் செல்களின் பற்றை மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாப் 2014-இல் ஒப்புதல் பெற்றது. எல்லா வாயில்களையும் ஒருசேர அடைத்தல் தகாது, இடமறிந்து அடைத்தலே தகும் என்பதை உயிர்களை விலையாகக் கொடுத்தே மருத்துவம் கற்றது.

பிடிப்புக்கும் அன்புக்கும் ‘பற்று’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது தமிழ். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள், உடலுக்குள் நிகழும் இவ்விருத்தலையும் பாடுபொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.